பின்னக் குவாண்டம் ஹால் விளைவை ஆய்வகத்தில் அளப்பது எப்படி: சாம்பிள் முதல் கடைசி வரைபடம் வரை

1982-இல் டேனியல் சூய், ஹோர்ஸ்ட் ஷ்டோர்மர், ஆர்தர் கோசார்ட் மூவரும் வெளியிட்ட வரைபடத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒரு மேடை இருந்தது. காந்தப்புலத்தைக் கூட்டக் கூட்ட ஏறிக்கொண்டிருந்த ஹால் மின்தடை (மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது), 25,812 ஓமின் மூன்று மடங்கில் தட்டையாகி நின்றது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் கிளாவுஸ் வான் கிளிட்சிங் முழு எண்களில் இப்படிப்பட்ட மேடைகளைக் கண்டிருந்தார். முழு எண் மேடைகளை விளக்க, எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். மூன்று மடங்கில் வந்த மேடைக்கு, அதாவது 1/3 என்ற பின்னத்துக்கு, அது போதாது. அங்கே எலெக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்து ஒரே திரவமாக நடந்துகொள்கின்றன என்று 1983-இல் ராபர்ட் லாஃப்லின் விளக்கினார். சூய், ஷ்டோர்மர், லாஃப்லின் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த மேடையை இன்று நீங்களே அளந்து பார்க்கலாம். டைல்யூஷன் ஃபிரிட்ஜும் (ஹீலியம் கலவையால் மில்லிகெல்வின் வரை குளிர்விக்கும் இயந்திரம்) 12 டெஸ்லாவுக்கு மேல் போகும் மீக்கடத்திக் காந்தமும் உள்ள எந்த ஆய்வகத்திலும் இது நடக்கும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்றுதான்: தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலையையே எலெக்ட்ரானின் வெப்பநிலை என்று நம்பிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கீழே சொல்லப்போகும் படிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் நெருக்கிக் கொண்டுவருவதற்காகத்தான்.

முதல் படி: கையில் ஒரு கணக்கு

எதைத் தொடுவதற்கு முன்பும் தாளில் ஒரு கணக்குப் போடுங்கள். நிரப்பு எண் என்பது எலெக்ட்ரான் அடர்த்தியை, அதே பரப்பில் உள்ள காந்தப் பாய்ம குவாண்டங்களின் (காந்தப் பாய்மத்தின் மிகச்சிறிய அலகுகளின்) அடர்த்தியால் வகுத்தால் வருவது. சதுர சென்டிமீட்டருக்கு 10,000 கோடி எலெக்ட்ரான் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுக் கட்டுரைகளில் 10-இன் 11-ஆம் அடுக்கு என்று எழுதுவார்கள். இந்த அடர்த்திக்கு நிரப்பு எண் 1 வருவது 4.14 டெஸ்லாவில். 2 வருவது அதில் பாதி, 2.07 டெஸ்லாவில். 2/3 வருவது 6.20-இல், 2/5 வருவது 10.34-இல், 1/3 வருவது 12.41 டெஸ்லாவில். அடர்த்தி இரண்டு மடங்கானால் புலங்களும் இரண்டு மடங்காகும். ஆகவே உங்கள் காந்தம் 9 டெஸ்லாவோடு நின்றுவிடும் என்றால், இந்த அடர்த்தி கொண்ட சாம்பிளில் 1/3-ஐப் பார்க்க முடியாது. வேஃபரை, அதாவது சாம்பிளை வெட்டி எடுக்கும் படிகத் தகட்டை, கேட்டு வாங்குவதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது படி: சாம்பிள்

பின்னங்களைப் பார்க்க இன்றும் முதல் தேர்வு காலியம் ஆர்சனைடுதான். அலுமினியம் காலியம் ஆர்சனைடு அடுக்குகளுக்கு நடுவே சுமார் 30 நானோமீட்டர் தடிமனுள்ள காலியம் ஆர்சனைடு கிணறு, எலெக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும் மெல்லிய அடுக்கு. எலெக்ட்ரானைக் கொடுக்கும் சிலிக்கான் அணுக்கள் அந்தக் கிணற்றிலிருந்து தள்ளி, பல பத்து நானோமீட்டர் தூரத்தில் இருக்கும். எலெக்ட்ரான்கள் கிணற்றில் ஓடும். அவற்றைச் சிதறடிக்கும் மின்னேற்ற அணுக்கள் எட்டத்தில் நிற்கும். 1978-இல் வந்த இந்த யோசனைக்குப் பெயர் மாடுலேஷன் டோப்பிங். இது இல்லாமல் 1982-இன் கண்டுபிடிப்பே இல்லை.

தூய்மையை மொபிலிட்டி என்ற எண்ணால் அளக்கிறார்கள்; எலெக்ட்ரான் எவ்வளவு தடையின்றி நகர்கிறது என்பதை அது சொல்லும். 1982-இல் பயன்பட்ட சாம்பிளின் மொபிலிட்டி வோல்ட்-வினாடிக்கு சுமார் 90,000 சதுர சென்டிமீட்டர். 2021-இல் வெளியான சிறந்த வேஃபர் ஒன்று 4.4 கோடியைத் தொட்டது. உங்களுக்கு 1/3-உம் 2/5-உம் மட்டும் போதும் என்றால் சில லட்சங்களே போதுமானது. 5/2 என்ற நுட்பமான பின்னம் வேண்டும் என்றால் ஒரு கோடியைத் தாண்டிய வேஃபரைத் தேடுங்கள். ஆனால் மொபிலிட்டியை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒரே மொபிலிட்டி கொண்ட இரண்டு வேஃபர்களில் ஒன்றில் 5/2 அழகாக வரும், மற்றொன்றில் மங்கலாகத்தான் தெரியும். கிணற்றுக்கு வெளியே உள்ள ஒழுங்கின்மை மொபிலிட்டியில் அவ்வளவாகத் தெரியாது. நுட்பமான பின்னங்களை மட்டும் தனியாகக் கெடுக்கும்.

கிராஃபீனிலும் 2009-இல் பின்னங்கள் கிடைத்தன. அது தனி வேலை. இங்கே காலியம் ஆர்சனைடோடு நிற்கிறேன்.

மூன்றாவது படி: கான்டாக்ட்

முதல் சாம்பிளுக்கு லித்தோகிராஃபி எதுவும் வேண்டாம். 4 மில்லிமீட்டர் சதுரமாக வேஃபரை உடைத்து, நான்கு மூலையிலும் நான்கு பக்கங்களின் நடுவிலுமாக எட்டு இடத்தில் இண்டியத்தைப் பொட்டு வைத்து, நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவில் 400 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சில நிமிடங்கள் சூடாக்குங்கள். இண்டியம் உருகி உள்ளே இறங்கிக் கிணற்றைத் தொடும். பொட்டு வைக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை: அது சாம்பிளின் விளிம்பைத் தொட்டே ஆக வேண்டும். உயர் புலத்தில் மின்னோட்டம் விளிம்பு வழியாகச் செல்கிறது. உள்ளே தள்ளி வைத்த பொட்டுக்கும் விளிம்புக்கும் இடையே அந்த நேரத்தில் மின்காப்புத் தீவு போல ஒரு பகுதி உருவாகும், கான்டாக்ட் செத்துப்போகும்.

கான்டாக்ட் நன்றாக அமைவது மின்னளவீட்டுக்கு மட்டும் உதவுவதில்லை, எலெக்ட்ரானைக் குளிர்விப்பதும் அதன் வழியாகத்தான். ஏன் என்று பார்ப்போம். எலெக்ட்ரான் தன் வெப்பத்தைப் படிகத்துக்குக் கொடுக்கும் வேகம், வெப்பநிலையின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்காகக் குறைகிறது. வெப்பநிலை பாதியானால் அந்த வழி 32-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 100 மில்லிகெல்வினுக்குக் கீழே படிகம் எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் எலெக்ட்ரானுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. கான்டாக்ட், அதிலிருந்து போகும் உலோக வயர், அந்த வயரின் எலெக்ட்ரான்கள், இவைதான் வெப்பம் வெளியேறும் பாதை.

நான்காவது படி: வயரும் ஃபில்டரும்

எல்லாரும் அவசரப்படும் படி இது. இங்கே நிதானமாக இருந்தால் பின்னால் வாரக்கணக்கில் நேரம் மிச்சமாகும்.

அறை வெப்பநிலையில் இருந்து சாம்பிளுக்குப் போகும் ஒவ்வொரு வயரும் ஓர் ஆன்டெனா. செல்பேசி அலை, கணினியின் இரைச்சல், அறைச்சூட்டின் மின்காந்த அலைகள் எல்லாம் அதன் வழியே இறங்கி எலெக்ட்ரானைச் சூடாக்கும். ஒரே ஃபில்டரால் எல்லா அதிர்வெண்ணையும் தடுக்க முடியாது. அறை வெப்பநிலையில் பை ஃபில்டர், குளிர்ந்த பகுதியில் ஜிகாஹெர்ட்ஸ் அலைகளை விழுங்கும் செம்புத்தூள் ஃபில்டர், கடைசியாக ஃபிரிட்ஜின் மிகக் குளிர்ந்த பாகமான கலவை அறையிலேயே திருகி இறுக்கிய மின்தடை–மின்தேக்கி ஃபில்டர். மூன்றும் சேர்ந்தால்தான் வேலி அடைபடும். வயர்களை ஒவ்வொரு வெப்பநிலைத் தட்டிலும் செம்புத் தூணில் சுற்றி வார்னிஷால் ஒட்ட வேண்டும். கடைசித் தட்டில் மட்டும் சுற்றினால் போதும் என்று விட்டுவிட்டால், மேலிருந்து இறங்கும் வெப்பம் நேராக சாம்பிளில் வந்து சேரும்.

பிறகு ஃபிரிட்ஜ். ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவை சுமார் 0.87 கெல்வினுக்குக் கீழே இரண்டு அடுக்காகப் பிரிகிறது. மேலே கிட்டத்தட்டத் தூய ஹீலியம்-3 மிதக்கும். கீழே உள்ள ஹீலியம்-4-இல், முழுப் பூச்சியத்தை நெருங்கினாலும் 6.6 சதவீத ஹீலியம்-3 கரைந்தே இருக்கும். மேலடுக்கில் இருந்து கீழடுக்குக்கு ஹீலியம்-3 அணு இறங்கும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது. கீழே இருப்பதைப் பம்ப் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தால் குளிர்ச்சியும் தொடரும். நல்ல இயந்திரம் 10 மில்லிகெல்வினுக்கும் கீழே போகும். ஆனால் குளிர்விக்கும் திறன் வெப்பநிலையின் இருமடியாகக் குறைவதால், அடிமட்டத்தில் ஒரு சின்னச் சூட்டுக் கசிவும் பெரிதாகத் தெரியும்.

ஐந்தாவது படி: குளிர்விப்பும் ஒளியும்

சாம்பிளை ஏற்றும்போது எல்லா வயரும் தரையோடு இணைந்திருக்கட்டும். ஒரு நிலைமின் பொறி போதும், கேட் (அடர்த்தியை மாற்றும் மேல் மின்முனை) உள்ள சாம்பிள் போய்விடும். குளிர இறங்கும் வழியில் கான்டாக்ட்டுகளை இரண்டிரண்டாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 4 கெல்வினில் அவை சில நூறு ஓம் அளவுக்கு இறங்கியிருந்தால் நல்லது. பத்தாயிரக்கணக்கான ஓமில் நின்ற கான்டாக்ட், மில்லிகெல்வினில் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். சூடாக்கி, எடுத்து, மறுபடி வையுங்கள்.

பல வேஃபர்களில் சிவப்பு எல்இடி ஒளி கொடுத்தால்தான் தரம் மேம்படும். சில மில்லிஆம்பியர் மின்னோட்டத்தில் சில நிமிடங்கள் எரியவிட்டு அணையுங்கள். ஒளி சிலிக்கான் அணுக்களில் சிக்கியிருந்த எலெக்ட்ரான்களை விடுவிக்கும். குளிரில் அவை திரும்பப் போய்ச் சிக்காது. சிலர் அறை வெப்பநிலையிலிருந்தே எரியவிட்டுக் குளிர்விப்பார்கள், சிலர் 4 கெல்வினில் மட்டும் கொடுப்பார்கள். எது உங்கள் வேஃபருக்குப் பொருந்தும் என்பதை வேஃபரை வளர்த்தவரிடம் கேளுங்கள். எதைச் செய்தாலும் மின்னோட்டம், நேரம், வெப்பநிலை மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை அதையே அப்படியே செய்தால்தான் இரண்டு நாள் அளவீடுகளை ஒப்பிட முடியும்.

ஆறாவது படி: மின்னளவீடு

லாக்-இன் ஆம்பிளிஃபயர் (ஒரே அதிர்வெண்ணில் வரும் சின்னச் சைகையை மட்டும் பிரித்து அளக்கும் கருவி) இரண்டு. அதிர்வெண் 7 முதல் 17 ஹெர்ட்ஸுக்குள், மின்வழங்கலின் அதிர்வெண்ணோடு பொருந்தாத ஓர் எண்ணாக இருக்கட்டும். 13 எனக்குப் பிடித்தது. லாக்-இன் தரும் 1 வோல்ட்டை 100 மெகா ஓம் மின்தடை வழியே அனுப்பினால் 10 நானோஆம்பியர் கிடைக்கும். ஒரு லாக்-இன் மின்னோட்டத்தின் திசையில் உள்ள நீள்வாட்டு மின்னழுத்தத்தையும் மற்றது ஹால் மின்னழுத்தத்தையும் பார்க்கும்.

ஏன் 10 மெகா ஓம் போதாது? 1/3 மேடையில் சாம்பிளே 77,438 ஓம். அது 10 மெகா ஓமில் 0.8 சதவீதம். காந்தப்புலம் மாறும்போது மின்னோட்டமும் அந்த அளவுக்கு மாறும். லாக்-இன் உள்ளீட்டுத் தடையும் பெரும்பாலும் 10 மெகா ஓம்தான். அதுவும் தன் பங்குக்கு ஏறத்தாழ அதே அளவு பிழையைச் சேர்க்கும். மேடை 77,438-க்குப் பதிலாக 76,250-க்குப் பக்கத்தில் வந்து நிற்க, எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். உயர்ந்த உள்ளீட்டுத் தடை கொண்ட முன்பெருக்கியை நடுவில் வையுங்கள். தொடர் மின்தடையில் விழும் மின்னழுத்தத்தை அளந்து உண்மையான மின்னோட்டத்தையும் பதிவு செய்யுங்கள்.

சூட்டையும் பார்க்க வேண்டும். 1/3 மேடையில் 10 நானோஆம்பியர் கொடுக்கும்போது சுமார் 8 பிகோவாட் வெப்பம் விளைகிறது. 1 நானோஆம்பியரில் அது நூறில் ஒரு பங்கு. 1/3 போன்ற உறுதியான நிலைக்கு 10 நானோஆம்பியர் தாங்கும். 5/2-க்கு 1 அல்லது 2 நானோஆம்பியருக்கு மேல் போகாதீர்கள்.

ஏழாவது படி: முதலில் கீழ்ப்புலம்

நேராக 12 டெஸ்லாவுக்கு ஓடாதீர்கள். முதலில் 0 முதல் 1 டெஸ்லா வரை மெதுவாக ஒரு ஓட்டம். ஹால் மின்தடை நேர்க்கோடாக ஏறும். நம் கணக்கிட்ட அடர்த்தியில் 0.5 டெஸ்லாவில் அது சுமார் 3,120 ஓம் காட்ட வேண்டும். அந்தச் சரிவிலிருந்து ஒரு அடர்த்தி கிடைக்கும். நீள்வாட்டு மின்தடை புலத்தோடு ஏறி இறங்கும் ஷுப்னிகோவ்–டி ஹாஸ் அலைகளை, புலத்தின் தலைகீழுக்கு எதிராக வரைந்தால் சம இடைவெளியில் வரும். அதிலிருந்து இன்னொரு அடர்த்தி. இரண்டும் ஒத்துப்போனால் தொடரலாம். ஒத்துப்போகாவிட்டால், சிலிக்கான் அடுக்கிலும் மின்சாரம் ஓடுகிறது என்று சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட சாம்பிளில் மேடைகள் சாயும், நீள்வாட்டு மின்தடை பூச்சியத்துக்கு இறங்காது. ஒளி அதிகமாகிவிட்டதா என்று பாருங்கள்; சூடாக்கிக் குறைந்த ஒளியோடு மறுபடி தொடங்குவது நல்லது.

எட்டாவது படி: மேலே ஏறுவது

சரி, இப்போது புலத்தைக் கூட்டலாம். நிமிடத்துக்கு 0.1 டெஸ்லா நல்ல வேகம். அதிகமானால் செம்புப் பாகங்களில் சுழல் மின்னோட்டம் எழுந்து எல்லாவற்றையும் சூடாக்கும்.

நீள்வாட்டு மின்தடையில் 2.07-இல் முதல் பெரிய பள்ளம், 4.14-இல் அதைவிட அகன்ற ஒன்று. 6.20-இல் 2/3. அப்புறம் திரையில் நடப்பதைக் கண்கொட்டாமல் பாருங்கள். 6.89-இல் 3/5, அடுத்து 4/7. பள்ளங்கள் நெருங்கி நெருங்கி ஆழம் குறைந்து, 8.27 டெஸ்லாவை எட்டும்போது எதுவுமே இல்லாத வழவழப்பான பகுதி. அதைத் தாண்டியதும் அதே வரிசை கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி வரும்: 3/7, 10.34-இல் 2/5, கடைசியில் 12.41-இல் 1/3.

8.27 என்பது நிரப்பு எண் 1/2. இப்போது 8.27-ஐப் பூச்சியம் என்று வைத்துக் கழித்துப் பாருங்கள். 1/3 வருவது 4.14-இல், 2/5 வருவது 2.07-இல். முழு எண் 1-உம் 2-உம் வந்த அதே இடங்கள்! ஒவ்வொரு எலெக்ட்ரானும் இரண்டு காந்தப் பாய்ம குவாண்டங்களை ஒட்டிக்கொண்டு புதிய துகளாகி, மிச்சமுள்ள புலத்தை மட்டுமே உணர்கிறது என்று 1989-இல் ஜைனேந்திர ஜெயின் சொன்னார். காம்போசிட் ஃபெர்மியான் என்று அதற்குப் பெயர். அந்தக் கோட்பாட்டை எத்தனை முறை படித்திருந்தாலும், உங்கள் சொந்த சாம்பிளின் வரைபடத்தில் அந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்கும் நாள் வேறு மாதிரி. தவறாமல் போட்டுப் பாருங்கள்.

ஒரு பள்ளத்தைப் பின்னம் என்று அறிவிக்க நான்கு சாட்சி வேண்டும். நீள்வாட்டு மின்தடையில் பள்ளம், அதே புலத்தில் ஹால் மேடை, மேடையின் மதிப்பு 25,812.807 ஓமைப் பின்னத்தால் வகுத்த எண்ணோடு பொருந்துவது, குளிரக் குளிரப் பள்ளம் ஆழமாவது. மேடை இல்லாத பள்ளம் வெறும் அறிகுறிதான். புலத்தின் திசையைத் திருப்பியும் ஓர் ஓட்டம் எடுங்கள். கான்டாக்ட்டுகள் நேரெதிராக இல்லாததால் ஹாலும் நீள்வாட்டும் ஒன்றோடொன்று கலந்திருக்கும். இரண்டு திசை அளவீடுகளையும் கூட்டியும் கழித்தும் அவற்றைப் பிரிக்கலாம்.

ஒன்பதாவது படி: எலெக்ட்ரான் உண்மையில் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது?

இதற்குச் சிறந்த தெர்மாமீட்டர் சாம்பிளேதான். ஒரு நுட்பமான பள்ளத்தில் புலத்தை நிறுத்தி, ஃபிரிட்ஜை 100 மில்லிகெல்வினிலிருந்து படிப்படியாக இறக்குங்கள். நீள்வாட்டு மின்தடையும் கூடவே இறங்க வேண்டும். தெர்மாமீட்டர் 12 காட்ட, மின்தடை 40 மில்லிகெல்வினில் இருந்த மதிப்பிலேயே நின்றுவிட்டது என்றால் உங்கள் எலெக்ட்ரான்கள் 40 மில்லிகெல்வினில்தான் இருக்கின்றன. மின்னோட்டத்தைப் பாதியாக்குங்கள். மின்தடை மாறினால் சூடு மின்னோட்டத்தால் வருகிறது. மாறாவிட்டால் வயர் வழியே எதுவோ இறங்குகிறது.

ஒருமுறை 5/2 பள்ளம் பாதி ஆழத்தில் நின்றுவிட, இரண்டு நாள் ஃபில்டர்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். தெர்மாமீட்டர் 11-இல் அசையாமல் இருந்தது. கடைசியில் காந்த மின்வழங்கியிலிருந்து கணினிக்குப் போன கேபிளைப் பிடுங்கியதும், திரையில் கோடு கண்ணெதிரே கீழே இறங்கியது. அந்தக் கேபிள் இரண்டு தரை இணைப்புகளைச் சேர்த்து ஒரு வளையம் போட்டிருந்தது. அன்றிலிருந்து எல்லாத் தகவல் இணைப்பும் ஒளியிழையில்தான். ஃபிரிட்ஜுக்குத் தரை இணைப்பு ஒரே இடத்தில். புதிய கருவி ஒன்றைச் செருகினால், செருகும் முன்பும் பின்பும் அதே பள்ளத்தைப் பார்ப்பேன்.

தெர்மாமீட்டரிலும் ஒரு பொறி உண்டு. ருத்தீனியம் ஆக்சைடு மின்தடை காந்தப்புலத்தில் மாறும். அதைப் புலம் நீக்கப்பட்ட பகுதியில் பொருத்துங்கள், இல்லையேல் புலத்திலேயே அளவுத்திருத்தம் செய்யுங்கள்.

பத்தாவது படி: ஆற்றல் இடைவெளி

பள்ளத்தின் அடியில் புலத்தை நிறுத்தி, வெப்பநிலையை ஏற்றி ஒவ்வொரு புள்ளியிலும் நிலைப்படும்வரை காத்திருங்கள். மின்தடையின் மடக்கையை, வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைந்தால் நேர்க்கோடு வரும். அதன் சரிவு இடைவெளியில் பாதி. எடுத்துக்காட்டாக 200 மில்லிகெல்வினில் 100 ஓம், 100 மில்லிகெல்வினில் 10 ஓம் என்றால் இடைவெளி 0.92 கெல்வின். கோட்டின் கீழ்முனை வளையும். அங்கே எலெக்ட்ரான் தெர்மாமீட்டரைப் பின்தொடரவில்லை, அல்லது கடத்தும் முறையே மாறிவிட்டது. மேல்முனையும் வளையும். நேராக உள்ள பகுதி மின்தடையில் பத்து மடங்கு மாற்றத்தையாவது தாண்டியிருந்தால் மட்டும் அந்த எண்ணை வெளியே சொல்லுங்கள்.

5/2-க்கு இதே முறைதான், பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும். 1987-இல் முதலில் தெரிந்த இந்த இரட்டைப்படைப் பகுதி கொண்ட பின்னம், லாஃப்லினின் ஒற்றைப்படை விதிக்குள் அடங்காது. 1999-இல் அதன் மேடையைத் துல்லியமாக அளந்தவர்கள், வெள்ளித்தூளை அழுத்திச் செய்த வெப்ப மாற்றிகளை வயர்களில் சேர்த்து, திரவ ஹீலியம்-3-இல் மூழ்கவைத்து, எலெக்ட்ரானை 4 மில்லிகெல்வின் வரை கொண்டுபோனார்கள். சாதாரண ஃபிரிட்ஜில் 20-க்குக் கீழே வந்தாலே நல்ல வேஃபரில் தெளிவாகத் தெரியும். அதன் இருபுறமும் ஹால் மின்தடை திடீரென்று முழு எண் மதிப்புக்குத் தாவினால் அளவீட்டுக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். மறுநுழைவு முழு எண் நிலைகள் என்று அவற்றுக்குப் பெயர். எலெக்ட்ரான் நன்றாகக் குளிர்ந்திருக்கிறது என்பதற்கு அவையே நல்ல சான்று.

கடைசியாக: இறக்குவது

புலத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, எல்லாக் கான்டாக்ட்டையும் தரையில் இணையுங்கள். கலவையை முழுதும் தொட்டிக்குத் திருப்பி, அழுத்தமானி தொடக்கத்தில் காட்டிய எண்ணையே காட்டுகிறதா என்று சரிபாருங்கள். ஹீலியம்-3 கிடைப்பது அரிது, ஒரு சின்னக் கசிவையும் விடக்கூடாது. திரவ ஹீலியம் உள்ள அறையில் ஆக்சிஜன் அளவுகாட்டி இல்லாமல் வேலை செய்யாதீர்கள். சாம்பிள் அறை வெப்பநிலைக்கு வரும்வரை அது இருக்கும் கலத்தைத் திறக்க வேண்டாம். முன்னதாகத் திறந்தால் ஈரம் அதன்மேல் படிந்து கான்டாக்ட்டைக் கெடுக்கும். அதே சாம்பிளை அடுத்த மாதம் மறுபடி குளிர்வித்தால் அடர்த்தி சற்றே மாறியிருக்கும், பள்ளங்களும் அதற்கேற்பத் தள்ளி வரும். அதனால் ஏழாவது படியின் கீழ்ப்புல ஓட்டத்தை ஒவ்வொரு குளிர்விப்பிலும் முதலிலிருந்து எடுங்கள்.